நெயில் பாலிஷ் வைத்த டீகோடர்

மலைமேல் செம்மேட்டில் மிக்ஸி, டி.வி., இன்வெர்ட்டர் பழுது பார்க்கிறவன் நான். பொம்மை ரயிலுக்கும் வைத்தியம் பார்ப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. பொம்மை என்று சொன்னால் சாருக்குக் கோபம் வரும். அவர் சேலத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சோளக்காட்டு ரோட்டில் தோட்டம் வாங்கி வீடு கட்டி, சரிவைச் சுற்றிலும் மூன்று விரல் அகலத்துக்குத் தண்டவாளம் போட்டு, முழங்கை நீள என்ஜின் ஒன்றை ஓடவிட்டிருந்தார். ரிமோட்டில் அவர் போடும் உத்தரவைத் தண்டவாளத்தின் வழியாக வாங்கி மோட்டாருக்குச் சொல்ல, என்ஜினின் வயிற்றுக்குள் சின்னதாக ஒரு போர்டு இருக்கும். அதற்குப் பெயர் டீகோடர்.

அந்தத் தோட்டத்துக் காவல்காரர் என் தங்கச்சி புருஷன். தோட்டத்து மூலையிலேயே அவர்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை சொல்லித்தான் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

முதல் டீகோடர் எரிந்தபோது, சார் வரவழைத்த புதியதை மாட்டி, ஒயர்களைப் பற்றவைத்து, என்ஜினுக்கு உரிய நம்பரை அதில் ஏற்றிக் கொடுத்தேன். சார் தோளில் தட்டிக்கொடுத்தார். சில வாரங்களில் அதுவும் எரிந்தது. அடுத்ததை அவர் என் கையில் வைத்தபோது அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. அவர் மனைவியின் நெயில் பாலிஷ். புதியதை நான் அமுக்கிக்கொண்டு எங்கேயோ கிடந்த பழையதை மாட்டுகிறேன் என்று அவருக்குச் சந்தேகம். அதை வாயால் சொல்லாமல் பொட்டு வைத்துச் சொன்னார். இனிமேல் என்ஜினைக் கடைக்குத் தூக்கிப்போக வேண்டாம், வராந்தாவிலேயே உட்கார்ந்து பார் என்றார். எனக்குக் காவலாக மாப்பிள்ளையையே பக்கத்தில் உட்காரவைத்தார். வேலிக்கு ஓணான் சாட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து ரூபாய் ஃபியூஸைக்கூட மாற்றியதைக் கையில் காட்டிவிட்டுக் காசு வாங்குகிறவன் நான். ஆனால் கோபத்தை விட, போர்டு எதனால் எரிகிறது என்ற கேள்விதான் என்னை அரித்தது. மோட்டாரைத் தனியே பேட்டரியில் ஓட்டிப் பார்த்தேன், நன்றாக ஓடியது. சக்கரத்தில் பழுதில்லை, எங்கும் ஷார்ட் இல்லை. போர்டில் மோட்டாருக்குக் கரண்ட் தரும் பக்கம் மட்டும் கருகியிருந்தது. தன் சொந்தப் பெட்டிகளை இழுக்கிற என்ஜினுக்கு அப்படிக் கருக வேண்டிய அவசியமே இல்லை. பாரம் கூடினால் டீகோடர் தானாக நின்றுவிடும். நிற்க நிற்க விடாமல் மறுபடி மறுபடி முடுக்கினால்தான் அந்தக் கதி. யாரோ இதில் கனமாக எதையோ ஏற்றுகிறார்கள் என்று தோன்றியது.

பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். கட்டை ஏற்றும் தட்டைப் பெட்டியின் மேல் கறுப்பாகப் பிசுபிசுவென்று எதுவோ அப்பியிருந்தது. முகர்ந்து பார்க்கக்கூடத் தேவையிருக்கவில்லை. மலையில் பிறந்தவனுக்குப் பலாப்பால் தெரியாதா? சாரின் பலா மரங்கள் தோட்டத்தின் அடிச்சரிவில் நிற்கின்றன. அங்கிருந்து மேலே ரோட்டோரம் வரைக்கும் பழத்தைத் தூக்கி வருவது நாய்ப்பாடு. பழத்தைக் கொண்டுவந்து சோளக்காட்டுச் சந்தையில் போட்டால் கையில் காசு. இதைச் செய்ய வசதியுள்ள ஆள் என் பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை எழுந்து தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, துணியில் தேங்காயெண்ணெய் தொட்டு அந்தப் பாலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். என் மேல் இருந்த பழியைத் துடைக்க எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி அதுதான். தெரிந்தேதான் துடைத்தேன். சார் பார்த்தால் தங்கச்சி குடும்பம் அன்றைக்கே தெருவில் நின்றிருக்கும்.

அந்தப் பொட்டு வைத்த டீகோடரும், பொட்டு இருந்த ஓரத்தோடு சேர்ந்து, அதே மாதிரி எரிந்தது. சார் தந்த இன்னொன்றை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் தங்கச்சி கண்ணீரோடு கடைக்கு வந்தாள். என்ஜினைத் துடைக்கும்போது தண்ணீர் பட்டுவிட்டது, தப்பு தன்னுடையதுதான் என்று மாப்பிள்ளை சாரிடம் ஒப்புக்கொண்டாராம். இன்னொரு தடவை எரிந்தால் அறையைக் காலி செய்துகொண்டு போய்விட வேண்டும் என்று சார் சொல்லிவிட்டாராம். பிள்ளை இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்று அழுதாள்.

எனக்குச் சந்தேகம் உறுதிப்பட்டது. தண்ணீர் பட்ட போர்டு இப்படி ஒரு பக்கமாகக் கருகாது, அதன் செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும். அப்படியானால் மாப்பிள்ளை பொய் சொல்லியிருக்கிறார். பலாப்பழத்தை மறைக்கத்தானே சின்னத் தப்பை ஒப்புக்கொண்டிருக்கிறார்? பலே ஆள் என்று பல்லைக் கடித்தேன். சார் கையில் மாட்டுவதற்கு முன்னால் நானே கையும் களவுமாகப் பிடித்து நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சார் வாரம் ஒரு தடவை காரில் சோளக்காட்டுக்குச் சாமான் வாங்கப் போவார். அன்றைக்குத் தோட்டத்தில் மாப்பிள்ளை ராஜ்யம்தான் என்பது என் கணக்கு. கடையைச் சாத்திவிட்டுப் போய், பின்வேலியைத் தாண்டி, மிளகுக்கொடிகளுக்கு நடுவே பதுங்கி இறங்கினேன். என்ஜின் முனகுவது கேட்டது. சரிவில் ரயில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தது. தட்டைப் பெட்டியில் ஒரு பலாப்பழம், பழைய சேலைத் துணியால் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தது. ரயிலுக்குப் பின்னால் சாரின் மனைவி ஒரு கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த ஊன்றுகோலால் பெட்டியைத் தள்ளிவிட்டபடி வந்தார்.

என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏனுங்க, அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. சர்க்கரை சர்க்கரைன்னு ஊட்டுக்குள்ள ஒரு சொளைகூட விடமாட்டேங்கறாருங்க. தூக்கிட்டுப் படியேற முட்டியும் ஆகலீங்க" என்றார். சாமான் தூக்க மாப்பிள்ளையையும் சார் காரில் கூட்டிப்போகிற நேரமாகப் பார்த்து, நாலைந்து சுளை தின்றுவிட்டு மிச்சத்தை வேலிக்கு அந்தப்பக்கம் மேய்கிற மாட்டுக்குப் போட்டுவிடுவாராம். ரயில் நின்றால் நிற்கட்டும் என்று விடாமல், திரும்பத் திரும்பப் பொத்தானை அமுக்கியிருக்கிறார்.

காவல்காரர் வேலை போகப்போகிற கதையை நான் சொன்னதும் அந்த அம்மா தண்டவாளத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அது அவருக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். சார் விழுந்து விழுந்து சிரித்தாராம். மாமியார் உடைத்தால் மண்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்? மறுநாள் என்னைக் கூப்பிட்டு, பலாப்பழம் இழுக்கிற மாதிரி பெரிய டீகோடராகப் பார்த்துச் சொல்லு என்றார். எங்கள் இரண்டு பேரையும் சந்தேகப்பட்டதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. இருந்தாலும் அறை தப்பித்தது, பிள்ளையின் படிப்பு தப்பித்தது. அந்தச் சந்தோஷத்தோடு மாப்பிள்ளையின் அறைக்குப் போனேன்.

தங்கச்சி இலை போட்டு எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்தாள். நான் பின்வேலி தாண்டிப் பதுங்கியதையும், சார் வீட்டு அம்மா ரயில் தள்ளிக்கொண்டு வந்த அழகையும் நடித்துக் காட்ட, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். பிறகு சோற்றில் கையை வைத்தபடி கேட்டார்.

"அப்ப டீகோடரை நீங்க மாத்தலீங்களா மச்சான்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் திருடுவதாக நினைத்துத்தான் அவர் தண்ணீர் பட்டதாகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருக்கிறார். குடியிருக்கிற அறையை எனக்காகப் பணயம் வைத்திருக்கிறார். அது உறைப்பதற்குள் எனக்கு ஆத்திரம் முந்திக்கொண்டது. மாதக்கணக்காக என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டேதான் என் வீட்டில் கை நனைத்தாரா என்று கத்தினேன். இத்தனை நாள் பழகியும் என்னை அப்படி நினைக்க எப்படி மனசு வந்தது என்று கேட்டேன்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். மன்னிச்சுக்கங்க மச்சான் என்று மெதுவாகச் சொன்னார். கண்ணில் நீர் கட்டியிருந்தது. தங்கச்சி என்னை முறைத்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. பிறகு எதையோ நினைத்துக்கொண்டவராக நிமிர்ந்தார்.

"வேலை நாளும் அதுவுமா கடைய மூடிப்போட்டு, பின்வேலி தாண்டி எதுக்குங்க மச்சான் வந்தீங்க?"

அவர் குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்தவன் நான், டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். தங்கச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்திலிருந்த நன்றியும் வெட்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வடிவதை நான் பார்த்தேன்.

"சாப்பிடுங்க" என்றார்.