தம்பட்டச் சிப்பாய் விழுந்த இடம்

1946இல் டிராயிங் மாஸ்டர் சகாயநாதனின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட, கடலூருக்குத் தெற்கே இருந்த அவர் வீட்டுக்குத் தினமும் போவேன். மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை உருக்கிச் சிப்பாய்ப் பொம்மைகள் வார்த்திருந்தார். 1783இல் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அந்தப் பக்கம் போட்ட சண்டையை, வரைபடம் விரித்த மேசையில் நடத்திப் பார்ப்பார். யார் சாவது என்பதைத் தாயக்கட்டை சொல்லும். விதிகளை அவரே எழுதித் திருத்திக்கொண்டிருந்தார்.

விதி எப்படி மாறினாலும் தம்பட்டச் சிப்பாய் ஒருவன் ஒரே இடத்தில் விழுந்தான். வரைபடத்தில் அது மாஸ்டர் வீட்டுக் கொல்லை. நல்ல தண்ணீர் அங்கேதான் என்று, கிணறு வெட்ட நீரோட்டம் பார்த்தவர் குச்சி நட்டிருந்தார்.

"மேரி, அங்க கெணறு வேணாம்," என்றார் மாஸ்டர்.

"ஈயப் பொம்மைக்குப் பாவம் பாக்குறாரு நர்சம்மா! கொடம் தூக்கி என் இடுப்பு ஒடியுது, அது தெரியல," என்றாள் மனைவி சவரிமேரி.

மேசைதான் சாய்வு என்று நினைத்து அதன் காலுக்கடியில் அட்டை வைத்து, தாயக்கட்டையை நானே உருட்டினேன். அதே இடத்தில் விழுந்தான்.

கிணற்றைத் தள்ளி வெட்டினார்கள். உப்புத் தண்ணீர்.

மறு வருஷம் மாஸ்டர் இறந்தார். குச்சி நட்ட இடத்தில் வெட்ட ஆள் வரச் சொன்ன சவரிமேரி, "ஒரு தடவ உருட்டிப் பாத்துடுங்க," என்றாள். உருட்டினேன். தம்பட்டக்காரன் விழவே இல்லை.

"அவரு கூட்டிக்கினு போயிட்டாரு," என்றாள்.

வெட்டினார்கள். எலும்பு எதுவும் இல்லை. ஓரிடத்தில் மட்டும் மண் கறுத்திருந்தது, படுத்த ஆளின் நீளத்துக்கு. நோயாளிகளைப் படுக்கவைத்துப் பழகிய கண் எனக்கு.

தண்ணீர் இனிப்பு என்றார்கள். நான் குடிக்கவில்லை.