மதிலைத் தேடி வந்த மைனாக்கள்

கணவர் இறந்த ஏழாம் மாதம், ஆம்பூரில் நாங்கள் பதினோரு வருடம் குடியிருந்த வீட்டைக் காலி செய்தேன். மூன்று தெரு தள்ளி, மாடியில் ஒற்றை அறை கிடைத்தது. ஷூ கம்பெனியில் எனக்குத் தையல் வேலை. ஏழரைக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். பழைய வீட்டில் இருந்தவரை, அதற்குள் மதிலில் ஒரு பிடி சோறு வைத்துவிடுவேன். இரண்டு மைனாக்களும் நாலைந்து காக்கைகளும் வரும். அவர் போன பிறகு, காலையில் நான் வாய் திறந்து பேசியது அவற்றிடம்தான்.

புது வீட்டு மாடியிலும் சோறு வைத்தேன். நான்கு நாளும் எறும்புதான் மொய்த்தது. ஐந்தாம் நாள், பழைய வீட்டுக்குக் குடிவந்திருந்த பெண் பஸ் நிற்கும் இடத்துக்கே வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா இப்டி பழக்கி வெச்சிட்டுப் போய்ட்டீங்க? விடிஞ்சா மதில் மேல வந்து ஒரே கத்தல். கொழந்த தூங்க மாட்டேங்குது. பேஜாரா இருக்குது."

எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம். "ஒண்ணும் போடலியா நீ?" என்றேன்.

"நேத்து சப்பாத்தி பிச்சிப் போட்டேன். துன்னுட்டு உடனே போய்டுச்சுங்க."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். யார் போட்டாலும் அவற்றுக்குப் போதும் போலிருக்கிறது.

ஆனாலும் விட மனமில்லை. மறுநாள் அவள் வீட்டு மதிலருகே சோற்றோடு போய் நின்றேன். அவை இறங்கியதும் என் வீட்டுப் பக்கமாகப் பத்தடி தள்ளி இன்னொரு பிடி வைத்தேன். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் தள்ளி. தெருவில் போகிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மைனாக்கள் தெருமுனையோடு திரும்பிவிட்டன. மற்றக் காக்கைகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கால் விரல் மடங்கிய ஒரு காக்கை மட்டும் இரண்டு வாரத்தில் என் மாடிவரை வந்துவிட்டது.

நடுவில் அந்தப் பெண்ணுக்கும் கோபம் தணிந்திருந்தது. "மைனா ரெண்டும் இப்ப எனக்குப் பழகிடுச்சு. ஞாயித்துக்கெழம வாங்கக்கா, டீ போடறேன்" என்றாள்.

போனேன். நாங்கள் கட்டில் போட்டிருந்த இடத்தில் தூளி தொங்கியது. மைனாக்கள் அவள் கையருகே வந்து தின்றன. பக்கத்தில் நின்ற என்னை அவை கண்டுகொள்ளவில்லை. டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவள் பிறகும் இரண்டு முறை கூப்பிட்டாள். டியூட்டி ஜாஸ்தி என்று சொல்லிவிட்டேன்.