பொய்க்கோடு

ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, மழமழவென்று தேய்த்த மரத்துண்டின் மேல் ஓர் இழுப்பு இழுக்கிறாள். மங்கிக் கிடந்த கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன. பக்கத்திலேயே தண்ணீர்க் கிண்ணமும் பஞ்சும் இருக்கின்றன. அந்த ஆய்வுக்கூடத்தில் மற்றவர்களுக்கு அவை போதும். இவளுக்கு மட்டும் எச்சில் படாத மரம் வாய் திறக்காது. மேலதிகாரி முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் இவள் 'வளையக்கா'.

நிற்கும் மரத்தைத் துளைத்துப் பென்சில் கனத்துக்கு ஒரு குச்சி எடுத்து வருவார்கள். அதில் கோடுகளாய்த் தெரியும் ஆண்டு வளையங்களை உருப்பெருக்கியில் எண்ணி வயது சொல்வது இவள் வேலை. "தண்ணி கெடச்சா விறுவிறுன்னு வளரும், அது வெளுப்பு. காஞ்சா கையக் கட்டிக்கிட்டு உக்காந்துடும், அது கறுப்பு. ரெண்டும் சேந்தா ஒரு வருஷம்" என்பாள். கேட்டவர் நழுவப் பார்த்தாலும் விட மாட்டாள். "நடுவுல மழை நின்னா வருஷமே முடிஞ்சதுன்னு நெனச்சு மரம் ஒரு கறுப்புக் கோடு போட்டுடும். மறுபடி பெஞ்சா அசடு வழிஞ்சுக்கிட்டே வளரும். அது பொய்க்கோடு." மெய்க்கோட்டின் வெளி ஓரம் கத்தியால் வெட்டியது போலிருக்கும், பொய்க்கோடு இருபக்கமும் புகையாய்க் கரையும். அதையும் வருஷமாக எண்ணுகிறவர்களை இவளுக்கு ஆகவே ஆகாது.

போன வாரம் வந்த குச்சி இவள் தெருமுனை மரத்தினுடையது. சாலையை அகலப்படுத்த அது இடைஞ்சல். நூறு வயது நிரம்பியிருந்தால் வெட்டக் கூடாது என்பது நகரசபை விதி. அதன் நிழலில்தான் இவள் கணவரின் சைக்கிள் கடை. ஒரு பெட்டி, ஒரு பம்பு, அவ்வளவுதான். வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை மயங்கியே விழுந்திருக்கிறார்.

தேய்த்தாள், தொட்டாள், எண்ணினாள். தொண்ணூற்றெட்டு. தவிர, பொய்க்கோடுகள் இரண்டு. வேறு யாராவது எண்ணியிருக்கக் கூடாதா என்றிருந்தது.

இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னாள்.

"அந்த ரெண்டையும் சேத்துப் போட்டா மரத்துக்கு வலிக்குமா? கோடுன்னு இருக்கத்தானே செய்யுது" என்றார் அவர், பாதி விளையாட்டாக.

"இருக்குங்க. ஆனா அது வருஷம் இல்லையே."



மறுநாள் முழுக்க அந்தக் குச்சியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். சாயங்காலம் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, கடைத்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். கணவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் கண்ணில் அவள் கக்கத்திலிருந்த புதுத் தார்ப்பாய் பட்டது. எத்தனை எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை. ஈரக் கையை உதறிக்கொண்டு எழுந்து, அதன் ஒரு முனையைப் பிடித்தார்.