பாட்டு டீச்சர் எழுதிய பன்னிரண்டு

எங்கள் பள்ளிப் பாட்டு டீச்சருக்கும் எண்களுக்கும் ஏழாம் பொருத்தம். அவர் வருகைப் பதிவேட்டில் போடும் கூட்டலைத் திருத்தியே கணக்கு வாத்தியாரான எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. பதினாறு வருஷமாக ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலி அவருடையது; காலைக் கூட்டத்தில் எல்லோரும் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும்போதும் என் பக்கத்தில்தான் நிற்பார்.

வருஷத் தொடக்கத்தில் எல்லோரும் பணி இலக்குப் படிவம் எழுதித் தர வேண்டும். “பிள்ளைகள் மகிழ்ச்சியாகப் பாடுவார்கள்” என்று வருஷா வருஷம் அதே வரியை எழுதிக் கொடுப்பார் டீச்சர். இந்த முறை தலைமையாசிரியை அதைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். நாலு மணிக்குள் இலக்கு எண்ணில் வர வேண்டும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியட் பாட்டுக்குக் கிடையாது, கணக்குக்கு. அந்தப் பீரியடுக்காக இரண்டு வருஷமாக மல்லுக்கு நின்றவன் நான்தான். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

மூன்றரைக்குப் படிவத்தோடு என்னிடமே வந்து நிற்கிறார்!

“சார், இதை எப்படி எண்ணுல எழுதறது?”

“போயும் போயும் என்கிட்டயா கேக்கறீங்க? அந்தப் பீரியட் எனக்குத்தான் வரப்போகுது, தெரியுமில்ல?”

“தெரியும். ஆனா கணக்கு உங்களுக்குத்தானே வரும்?”

இப்படிப்பட்ட மனுஷியை என்னதான் செய்வது? எரிச்சலோடு பேனாவை எடுத்தேன்.

“பாட்டுக் கோஷ்டில எத்தனை பேர்?”

“நாப்பது.”

“எத்தனை பேர் பாடறாங்க?”

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். “இருபத்தொம்பது. மத்தவங்களுக்குச் சுருதி சேராது. வாயை மட்டும் அசைங்கன்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன். மேடையில மானம் போயிடுமே சார்.”

எனக்குச் சுருக்கென்றது.

“அப்போ இதுதான் இலக்கு. வாயசைக்கிற ஆளே இருக்கக் கூடாது. எழுதுங்க” என்றேன், கொஞ்சம் அதட்டலாகவே.

அவர் கண் கலங்கிவிட்டது. “எவ்வளவு பெரிய தப்பு பண்ணிட்டேன்” என்று முனகியபடியே எழுதினார். வாங்கிப் பார்த்தேன். ‘இப்போது வாய் மட்டும் அசைப்பவர்கள்: பன்னிரண்டு பேர். ஆண்டு இறுதியில்: ஒருவரும் இல்லை.’

“அடக் கடவுளே! நாப்பதுல இருபத்தொம்பது போனா பதினொண்ணு டீச்சர்!”

“பிள்ளைங்க பதினொண்ணுதான்.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “பதினாறு வருஷமா காலைல உங்க பக்கத்துலதானே நிக்கறேன். ஒரு நாள்கூட உங்க குரல் என் காதுல விழுந்ததில்லையே, சார்.”

டீ குடித்துக்கொண்டிருந்த அறிவியல் வாத்தியாருக்குப் புரையேறியது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“எட்டு வயசுல எனக்கும் ஒரு டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க” என்றேன். என் வீட்டுக்காரியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

டீச்சர் சிரிக்கவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கையெழுத்து வாங்கிவிட்டார்.

ஆக, வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியட் ஒருவழியாக எனக்குக் கிடைத்துவிட்டது. அந்தப் பதினொரு பிள்ளைகளோடு பாட்டு வகுப்பின் கடைசி வரிசையில் நின்று தொண்டையைச் செருமுகிறேன். கணக்கு வகுப்பில் வாய்க்குள்ளேயே விடை சொல்லி என்னிடம் தினமும் திட்டு வாங்கும் பெண்தான் என் பக்கத்தில் நிற்கிறாள்.

“இன்னும் சத்தமா, சார்” என்கிறாள்.