டிங் என்ற கிண்ணம்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: அந்தக் கிண்ணத்தை நான்தான் உடைத்துவிட்டேன் என்று நம்பினேன்.

திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் அதிரும் ஒரு ஷெட். பீங்கான் கலைஞர் மல்லிகா இங்கேதான் பாத்திரம் வனைகிறார், பிறருக்கும் கற்றுத் தருகிறார். இன்று சூளையைத் திறந்திருக்கிறார்; நான் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறேன். அவரிடம் படிக்கும் மீன்காரத் தேவி, மூன்று மாதம் பழகிச் செய்த தன் முதல் கிண்ணத்தைப் பார்க்க வந்துகொண்டிருக்கிறாள்.

இளஞ்சூடாக இருக்கும் அதை நான் கையில் எடுக்கிறேன். ‘டிங்’ என்கிறது. மறுபடியும் ‘டிங்’. ஐம்பது வயதுக்காரன், திருட்டு மாங்காயை மறைப்பது போல ஒரு பெரிய ஜாடிக்குப் பின்னால் அதை ஒளிக்கிறேன்.

“இன்னா சார், கிண்ணத்தோட கண்ணாமூச்சியா?” என்கிறார் மல்லிகா.

“விரிசல் விட்டுடுச்சும்மா. நான் சும்மா தொட்டேன், அவ்வளவுதான்!”

“அய்ய, எல்லாமே அப்டித்தான் கத்திக்கினு கீது. மேல பூசுனது ஆறச் சொல்லோ சுருங்கி, மெல்லிசா கோடு வுடும். அதுக்குன்னே பூசுறதுதான். காத வச்சிப் பாரு.”

வைக்கிறேன். அலமாரி முழுக்க ‘டிங் டிங்’.

தேவி வந்து கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். “யக்கா, நம்ம வலை மாதிரியே கீதுக்கா!”

கிண்ணம் உடையவில்லை. நான் ஒளித்த அவசரத்தில் இடிபட்டு, மல்லிகாவின் ஜாடிக்குத்தான் விளிம்பு பெயர்ந்திருக்கிறது.