ரோலின் முதல் படம்

பிலிம் விஷயத்தில் நான் எச்சில் கையால் காகம் ஓட்டாதவன். போர்க்காலத்தில் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக்கொண்டு, கல்முனையில் ஒரு சின்ன ஸ்டூடியோவும் வைத்திருந்தேன். சண்டையால் பாதை பூட்டினால் பிலிம் ரோல் வராது. கமெராவில் புது ரோல் போட்டதும், முதல் படத்தில் பாதி வெளிச்சம் பட்டு வெளுத்துவிடும். மற்றவர்கள் அதை வெறுமனே அழுத்தித் தள்ளிவிடுவார்கள். எனக்கு மனம் வராது. பாதியாவது விழட்டும் என்று எதிரே நிற்கிறவரை எடுப்பேன்.

பெரும்பாலும் அது காரைதீவிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர்தான். நான் ரோலைக் கையில் எடுத்தாலே பெட்டியை மூடிவிட்டு, தலையைத் தடவிக்கொண்டு வந்து நிற்பார். முஸ்லிம்களை எங்கள் பக்கத்தில் அண்ணன் முறை வைத்து 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"காக்கா, வீணாப்போற படம் எனக்குத்தானே?"

"ஓம், உங்களுக்குத்தான். சிரிங்க."

அதற்குப் பிறகு அந்த ரோலில் விழுந்ததெல்லாம் எரிந்த கடைகளும் அகதி முகாம்களும் ஜனாஸா ஊர்வலங்களும்தான். ஆனாலும் அந்தக் காலைகளை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது. சூரை மீன் வாடைகூட வருகிறது.

ஒருநாள் மீன் விற்கப் போனவர் வீடு திரும்பவில்லை. யார் பிடித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அவர் வீட்டிலிருந்த ஒரே ஆல்பத்தையும் பிறகு சுனாமியில் கடல் கொண்டுபோனது.

போன மாதம் அவருடைய மனைவி என்னைத் தேடி வந்தார்.

"மாலை போட இல்ல காக்கா. மகள்ட கலியாணம் வருது. அவருட முகம் ஊட்டுல இருக்கணும்."

மூன்று நாள் நெகட்டிவ்களைக் கிளறினேன். பதினொரு ரோலில் அவர் இருந்தார். பிரிண்ட் போட்டால் பதினொன்றிலும் பாதி முகம்தான், மற்றப் பாதி வெள்ளை. என் கஞ்சத்தனத்தின்மீது அப்படியொரு கோபம் வந்தது. இரண்டாவது படத்தையும் அந்த மனிதருக்குக் கொடுத்திருந்தால் என்ன குடியா முழுகியிருக்கும்?

வெட்கத்தை மறைக்க, கொம்பியூட்டரில் நல்ல பாதியைத் திருப்பி வெள்ளையின்மேல் ஒட்டி முழு முகமாக்கினேன். அழகாகவே வந்தது. பிறேம் போட்டுக் கொடுத்தேன். அவர் கனநேரம் பார்த்தார்.

"இது ஆரு காக்கா?"

மற்றக் கன்னத்தில் தூண்டில் கிழித்த தழும்பு ஒன்று இருந்ததாம். பதினொரு தடவை எதிரே நின்று எடுத்த எனக்கு அது ஞாபகமே இல்லை.

பாதி முகப் படத்தை எடுத்து நீட்டினேன்.

"இவருதான்" என்றார். வெள்ளையாய்க் கிடந்த பக்கத்தில் விரலை வைத்தார். "இஞ்சதான் காக்கா அந்தத் தழும்பு."