பஸ் ஜன்னல் வைத்த வீடு

எனக்குச் சும்மா இருக்க வராது. கை எதையாவது கழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிழைப்பு மேசையில்தான், யாரோ எழுதிய புத்தகங்களில் எழுத்துப் பிழை பார்ப்பது. பார்த்து முடித்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, ஸ்பேனரோடு வெளியே போய்விடுவேன். வெளியே மூடுபனி நிற்கும். அதற்குள்ளே என் கார் நிற்கும்.

அதைக் கார் என்று சொல்ல என் மனைவி ஒப்பமாட்டாள். முதுகு நீண்டு, பின்பக்கம் மரச்சட்டம் வைத்த பழைய வண்டி. பெரும்பாறைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கோழிகள் அடைந்து கிடந்த அதைக் கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றி மலைக்கு மேலே கொண்டுவந்தேன். கியர் தண்டு ஸ்டியரிங்கின் கழுத்திலிருந்து முளைத்திருக்கும். ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத்தான் திறக்க வேண்டும். குளிர்ந்த காலைகளில் வெந்நீரில் துணியை நனைத்து கார்புரேட்டருக்கு ஒத்தடம் கொடுத்தால்தான் இருமி, கனைத்து, உயிர் வரும்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு தடவையாச்சும் இப்பிடி ஒத்தடம் குடுத்திருக்கீங்களா?" என்பாள் மனைவி. கொடுத்திருக்கிறேன். ஆனால் கையில் அந்தத் துணியோடு நின்றுகொண்டு அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்.

பஜாரில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் பாய்க்கு என் தலை தெரிந்தாலே உற்சாகம் வந்துவிடும்.

"வாங்கண்ணே. நீங்க கேக்குற சாமான் கடையில கெடைக்காது. மியூசியத்துல கண்ணாடிய ஒடச்சுத்தான் எடுக்கணும்."

"வேற வழி சொல்லுங்க பாய்."

"வழியா? எறக்கத்துல நிறுத்தி ஹேண்ட்பிரேக்க எடுத்துவிட்டுருங்க. நீங்க மட்டும் வெரசா எறங்கிக்கிருங்க."

கடையில் நிற்கிறவர்கள் சிரித்து முடித்த பிறகு, டிராக்டர் சாமான் ஒன்றை எடுத்து, அரத்தால் ராவிப் போட்டுப் பார்க்கச் சொல்லித் தருவார். பெரும்பாலும் பொருந்திவிடும்.

கார் பிறகு வந்தது. முதலில் வந்தது வீடு. வீடு எங்களுடையது இல்லை.

கொடைக்கானலில் ஒரு பழக்கம் உண்டு. கீழே ஊர்களில் வாழ்கிறவர்கள் மேலே இருக்கும் தங்கள் பழைய பங்களாவில் ஒரு குடும்பத்தைக் குடிவைப்பார்கள். வாடகை கிடையாது. வீட்டை விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். அடுப்பு எரியாத வீட்டை இந்த மலையின் ஈரம் சத்தமில்லாமல் தின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். வாசலில் நின்று, "நீங்க இருக்கிற வரைக்கும் இருங்க தம்பி" என்றார். மனதறிந்துதான் சொன்னார். அவர் இருந்த வரைக்கும் அது உண்மையாகவும் இருந்தது.

என் மனைவி சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். எதையும் இரண்டு தடவை சொல்லிப் பழக்கம். "அடுத்தவங்க வீடு. ரொம்ப ஒட்டிக்கிறாதீங்க. ஒட்டிக்கிறாதீங்க."

ஒட்டிக்கொண்டேன். கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவர்களின் மேல் எவரோ சிமெண்டைப் பூசி வைத்திருந்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வேர்வையாக வடிந்தது. அந்தச் சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசினேன். இங்கே சுண்ணாம்புப் பூச்சுக்குத் தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டாம், பனியே தெளிக்கும். தகரக் கூரையின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடி அடைத்தேன். வீட்டுக்குள்ளேயே புகையைக் கக்கிக்கொண்டிருந்த கணப்பு அடுப்பின் புகைபோக்கித் தொண்டைக்குள் தலையை விட்டு, காக்கைக்கூடுகளை இழுத்துப் போட்டேன். வெளியே வந்த என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

வத்தலக்குண்டில் ஒரு பழைய மலைப் பஸ்ஸை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் ஜன்னல்களைக் கேட்டு வாங்கினேன். பூண்டை இறக்கிவிட்டுக் காலியாகப் பூம்பாறைக்குத் திரும்பிய லாரி ஒன்றில் ஏற்றிக் கொண்டுவந்து, வீட்டின் கிழக்குப் பக்கம் ஒரு கண்ணாடி அறை கட்டினேன். நகர்த்தித் திறக்கிற ஜன்னல்கள், அலுமினியச் சட்டத்தோடு. காற்று அடித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் கடகடவென்று ஆடும். கண்ணை மூடினால் பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்புவதுபோல இருக்கும். ஒட்டிக்கொள்ளாதே என்று சொன்னவள்தான் முதலில் தன் நாற்காலியை அங்கே நகர்த்தினாள். காலையில் வெள்ளனே வெயில் விழும் இடம் அது. மூட்டுவலிக்கு அந்த வெயில் இதமாக இருந்தது. பிள்ளைகளின் நோட்டுகளை அங்கே உட்கார்ந்துதான் திருத்துவாள். நான் காப்பியோடு உள்ளே நுழைந்தால், "டிக்கெட் எடுத்தாச்சா?" என்பாள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு என்று அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் இறந்துபோனார். அவர் மகள் சென்னையிலிருந்து வந்தாள். நல்ல மாதிரிதான். அதுதான் இன்னும் கசக்கிறது. முரட்டுத்தனமாக யாராவது வந்து வெளியே போகச் சொல்லியிருந்தால், ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லி மனதை ஆற்றியிருக்கலாம்.

"அங்கிள், எவ்ளோ சூப்பரா வச்சிருக்கீங்க! அப்பா சொன்னப்ப நான் நம்பவே இல்ல. இதெல்லாம் பஸ் விண்டோஸா? ஐயோ, சோ க்யூட்!"

ஃபோனில் படம் எடுத்துக்கொண்டே அறை அறையாக நடந்தாள். நான் பின்னாலேயே போய், ஜன்னல்களைத் திறந்து காட்டினேன், மூடிக் காட்டினேன். கணப்பை மூட்டினேன். காரைக்கூடக் கிளப்பிக் காட்டினேன். என் மனைவி மட்டும் காப்பித் தட்டோடு சமையலறை வாசலிலேயே நின்றாள். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பாழாகிக் கிடந்தவரை அது யாருக்கும் வேண்டாத வீடு. ஆசைப்படுகிற அளவுக்கு அதை அழகாக்கியவன் நான்.

அடுத்த முறை வீட்டுக்காரரின் மகள் ஒரு கான்ட்ராக்டரோடு வந்தாள். ரிசார்ட் கட்டப் போகிறார்கள். நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரமில்லை, ஆனால் கொஞ்சம் சீக்கிரம். அதையும் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள்.

"முழுசா இடிச்சா புதுக் கட்டடம்னு ஆயிரும் மேடம், பர்மிஷன் கெடைக்காது" என்றார் கான்ட்ராக்டர். "ஒரே ஒரு பழைய சுவரு நின்னாப் போதும். ரிப்பேருன்னு காட்டிட்டு உள்ளுக்குள்ள நம்ம இஷ்டத்துக்குக் கட்டிக்கலாம்."

சட்டம் என்ன சொல்கிறதோ, எனக்குத் தெரியாது. ஆனால் மலையில் பலர் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். புதிய மாடிகளுக்கு நடுவே, பொட்டு வைத்ததுபோல ஒரு கிழட்டுச் சுவர் நிற்கும். அது விழுந்துவிட்டால் கதை முடிந்தது.

கான்ட்ராக்டர் கணப்பு உள்ள முன்சுவரைக் கையால் தட்டினார். "இது நிக்கட்டும். போட்டோவுக்கும் நல்லாருக்கும்."

"அங்கிள், அந்தக் காரை மட்டும் விட்டுட்டுப் போங்களேன்" என்றாள் அவள். "லான்ல நிறுத்தி உள்ளே பூச்செடி வச்சா செமயா இருக்கும்."

"அது ஓடுற வண்டிம்மா" என்றேன். அவளுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை.

அந்த முன்சுவர் எனக்குத் தெரிந்த சுவர். அதன் வடக்கு மூலை வெளிப்பக்கமாக வயிறு தள்ளி நின்றது. கூரைத் தண்ணீர் எந்தக் காலத்திலோ அதற்குள் இறங்கிக் காரையைக் கரைத்திருந்தது. மேலே கூரையின் பாரம் அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான் அது நிற்கும் என்று நினைத்திருந்தேன். கூரையைக் கழற்றிவிட்டு, முட்டுக் கொடுக்காமல், ஐப்பசி மழையில் விட்டால் சரிந்துவிடும். கான்ட்ராக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

சாயங்காலம் மனைவி கேட்டாள். "அந்த மூலையப் பத்தி சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க." பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். "பொறந்ததுலயிருந்து எதையாச்சும் முட்டுக் குடுத்துக்கிட்டேதான இருக்கீங்க. இந்த ஒண்ணுக்குச் சும்மா இருங்க. விழட்டும்."

வாழ்க்கையில் முதல்முறையாகச் சும்மா இருக்கத் தீர்மானித்தேன். சரிந்தாலும் அது காலியாகக் கிடக்கும் சரிவின் பக்கம்தான் போகும். ஆனாலும் இடத்தைப் பார்த்துக்கொள்ள அவர்கள் வைத்த காவல்காரரிடம், மழை நேரத்தில் அந்தப் பக்கம் யாரையும் ஒதுங்க விடாதீர்கள் என்று சொல்லிவைத்தேன். "சரிங்க" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

வடகவுஞ்சிப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். கான்கிரீட் பெட்டி. காருக்கு உள்ளே போக வழியில்லை. ரோட்டோரம் இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தேன். அந்த வீட்டில் வெயில் எந்த வழியாக வருகிறது என்று மனைவி சில நாள் தேடிப் பார்த்தாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டாள்.

அங்கே பழைய வீட்டை இடிக்கத் தொடங்கினார்கள். முதலில் போனது கண்ணாடி அறை. அது பழசு இல்லையே, யாரோ குடியிருந்தவன் ஒட்டவைத்தது. புல்லில் கண்ணாடிச் சில்லுகள் ஈரத்தோடு கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. பிறகு கூரை போயிற்று. மற்ற சுவர்கள் போயின. மழையும் பிடித்துக்கொண்டது. வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் இறங்கிப் போனார்கள். கணப்பு உள்ள அந்த ஒற்றைச் சுவர், முதுகில் எதுவும் இல்லாமல், தனியாக நனைந்துகொண்டு நின்றது.

நான் அதைப் பார்க்கப் போய்க்கொண்டே இருந்தேன். காருக்கு ஒத்தடம் கொடுத்து, மழையில் ஓட்டிக்கொண்டு போய், ரோட்டிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவேன். விழுந்திருக்கவில்லை. விழ வேண்டும் என்று மனதுக்குள் அதோடு பேசினேன். சீக்கிரம் விழு. உனக்கென்ன இவர்களோடு வேலை.

மலை ஊரில் எதுவும் மறையாது. பாய் கேட்டார். "என்னண்ணே, ஒரு செவுத்தப் பாக்கத் தெனமும் போறீங்களாம்ல? பொண்ணு பாக்கப் போறாப்புல?"

"விழுதான்னு பாக்குறேன் பாய்."

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த போல்ட்டை உருட்டிக்கொண்டே கேட்டார். "விழுந்தா வீடு உங்களுக்குத் திரும்ப வருமா?"

"வராது."

"அப்பறம்?"

"அவங்களுக்கும் இல்லாமப் போகும்ல."

"அதுவுஞ் சரிதான்" என்றார். ஆனால் அன்று வாஷருக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை. நோயாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

பிறகு ஒரு பெருமழை வந்தது. இரவெல்லாம் காற்று. மலைப்பாதையில் மரங்கள் விழுந்தன, கரண்ட் போயிற்று, வழி அடைபட்டது. வழியைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் சாவியை எடுத்தேன். மனைவி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் போய் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டைக் காலி செய்த பிறகு அவள் அந்தப் பக்கம் வரவே இல்லை. வழி நெடுக ஒன்றும் பேசவில்லை. பேசினால் சுவர் கேட்டுவிடும் என்பதுபோல.

சுவர் நின்றது.

பக்கத்துக் காம்பவுண்டுச் சுவர் குப்புற விழுந்து கிடந்தது. யூக்கலிப்டஸ் மரம் ஒன்று வேரோடு சாய்ந்திருந்தது. இது மட்டும் கழுவிவிட்டதுபோல நின்றது. நான் சரிவில் இறங்கி வடக்கு மூலைக்குப் போனேன். வயிறு தள்ளிய இடத்தில் கையை வைத்தேன். குடிவந்த புதிதில் அங்கே நான் செருகிய நீளக் கற்கள், சுவரின் உள்முகத்தையும் வெளிமுகத்தையும் சேர்த்துக் கடித்துப் பிடித்திருந்தன. இடையில் ஊற்றிய சுண்ணாம்பு எலும்பாக இறுகியிருந்தது. தெரிந்த அளவுக்கு ஏதோ செய்து வைத்திருந்தேன்; ஒரு நாளும் அதை நம்பியதில்லை. மழைக்குப் பயந்து அந்த மூலையைப் பார்த்துப் பார்த்துத் தூங்காமல் கிடந்திருக்கிறேன். அவ்வளவு பயத்துக்கும் தேவையே இருந்திருக்கவில்லை. விழ வைக்கத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

கான்ட்ராக்டர் குடையோடு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். "பாத்தீங்களா சார்? சுத்தி எல்லாம் விழுந்துருச்சு, இது ஒரு இன்ச் அசையல. வெள்ளக்காரன் கட்டுனா கட்டுனதுதான்!"

நான் சுவரிலிருந்து கையை எடுத்தேன். மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. மேலே ரோட்டிலிருந்தே கத்தினாள்.

"அந்த மூலை வெள்ளக்காரன் கட்டல. இவரு கட்டுனது."

"அப்பிடியா மேடம்!" அவர் உண்மையாகவே வியந்தார். "சார், அப்ப ஒரு ஒதவி. பின்பக்கம் தாங்குசுவரு ஒண்ணு கொஞ்சம் லூசா கெடக்கு. வந்து பாத்துக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

என் கால் அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டது. சத்தியமாக நான் வைக்கவில்லை, கால்தான் வைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். மனைவி மேலேயிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை, களைப்பாக. திரும்பி மேலே ஏறினேன்.

வண்டியைக் கிளப்பினேன். விழுந்த மரங்களை அறுத்துக்கொண்டிருந்த இடத்தில் நெடுநேரம் காத்துக்கிடந்தோம். மரத்தூள் வாசனை. கண்ணாடியில் ஆவி படிந்தது. அதை அவள் முந்தானையால் துடைத்தாள். பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, சமாதானம்போலச் சொன்னாள்.

"மழைக்கு பாத்ரூம் கதவு ஊதிக்கிச்சு. சாத்த முடியல. கொஞ்சம் செதுக்கி விடுறீங்களா?"

செதுக்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும். கதவைக் கழற்றி, கீழ் விளிம்பில் இழைப்புளியை ஓட்டினால் முடிந்தது.

"வீட்டுக்காரரக் கூப்புட்டுச் சொல்லு" என்றேன்.